மாற்றுத்திறன் பிள்ளை பள்ளியில் அடிபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி: ஜூன் முதல் மே வரை, படிப்படியாக

திருவாரூர் மாவட்டத்தின் ஓர் ஒன்றியத்தில் சிறப்பாசிரியராக, அதாவது மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான ஆசிரியராக, வேலை பார்க்கிறேன். ஒரே பள்ளியில் உட்காரும் வேலை இல்லை. திங்கள்கிழமை ஓர் ஊர், செவ்வாய்க்கிழமை இன்னோர் ஊர் என்று வண்டியில் சுற்றும் வேலை. புதிதாக வரும் சிறப்பாசிரியர்கள், தன்னார்வலர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தேர்வான அம்மாக்கள் என்று பலரோடு சேர்ந்து போயிருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். காலை பிரேயரில் ஒரு பேச்சு: "இவர்களும் நம்மைப் போலத்தான், அன்பாக இருக்க வேண்டும்." பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அன்றைக்கே இன்டர்வெலில் ஒரு பையனின் காது மெஷினைப் பிடுங்கி ஓடுகிறார்கள்.

பேசியது தப்பில்லை, பேசிய நேரம்தான் தப்பு. இந்த வழிகாட்டியில் வகுப்பில் பேசுவது ஏழாவது படியில்தான் வரும். அதற்கு முந்தைய ஆறையும் தாண்டிக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

எதை வன்முறை என்று எடுத்துக்கொள்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடி, கிள்ளு, குட்டு மட்டும் போதாது. ஊன்றுகோலை ஒளித்து வைப்பது, வீல்சேர் டயரில் காற்றை இறக்குவது, கழிவறையில் வைத்துத் தாழிடுவது, சாப்பாட்டைப் பிடுங்குவது, "நொண்டி", "செவிடு", "லூசு" என்று கூப்பிடுவது, வகுப்பறையிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் விளையாடப் போவது, தொடக்கூடாத இடத்தில் தொடுவது, எல்லாமே இதில் அடக்கம். செய்பவர் பிள்ளையாகவும் இருக்கலாம், பெரியவராகவும் இருக்கலாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பெயர்ப் பட்டியல். எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவுத் தளம்) மாற்றுத்திறன் மாணவர் என்று பதிவானவர்களை எழுதிக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தினால் பாதிப் பேர் விடுபடுவார்கள். திக்கிப் பேசுபவள், வலிப்பு வரும் பிள்ளை, மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்ட முடியாதவன், வெயிலில் தடுமாறுகிற பார்வைக் குறைவு உள்ளவள், இவர்களையெல்லாம் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகை குறைபாடுகள் உள்ளன. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. உதவித்தொகைக்கு 40 சதவீதச் சான்று கேட்பார்கள், சரி. அடிபடாமல் இருப்பதற்குச் சான்று எதற்கு?

அடுத்தது தலைமை ஆசிரியரின் சம்மதம். எழுத்தில் வாங்குவது நல்லது. "பள்ளியில் தப்பு கண்டுபிடிக்க வந்திருக்கிறார்" என்று ஸ்டாஃப் ரூமில் ஒருமுறை பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். அதனால் முதல் சந்திப்பில் சட்டத்தை எடுக்காதீர்கள். "பிள்ளைக்கு எங்கே கஷ்டம் என்று ஒரு நாள் கூடவே இருந்து பார்க்கிறேன்" என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாவது, துணைக்கு இன்னொரு பெரியவர். சத்துணவு சமையலராக இருக்கலாம், மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாயாக இருக்கலாம். நீங்கள் வாரத்துக்கு ஒருநாள் வருகிறவர். மற்ற நான்கு நாளும் பார்க்க ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

ஒரு கோடு போடாத நோட்டும், பிள்ளையின் வீட்டுப் போன் நம்பரும் போதும். வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

காலம் முக்கியம். ஜூனில் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் முதல் மூன்று படியையும் முடித்துவிடுங்கள். நம் பக்கம் அதற்குத் தனிக் காரணம் உண்டு. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறப்பது வழக்கம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். காய்ந்த வாய்க்காலில் இறங்கிக் குறுக்கே வந்துகொண்டிருந்த பிள்ளை, தண்ணீர் வந்ததும் பாலம் சுற்றி வர வேண்டும், அல்லது கரையோரமாகவே நடக்க வேண்டும். வழியே மாறிவிடும். நடவு தொடங்கினால் வீட்டில் பெரியவர்கள் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார்கள். போகிற போக்கில் பிள்ளையை ஏழரை மணிக்கே பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். ஆசிரியர் வருவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

2. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்

அம்மா, அப்பா, பாட்டி, யார் அதிகம் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்களோடு அரை மணி நேரம் உட்காருங்கள். பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். கீழே உள்ளவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

பிள்ளை "ஆமாம்", "வேண்டாம்" என்பதை எப்படிச் சொல்கிறாள்? பசித்தால், வலித்தால், சிறுநீர் வந்தால் என்ன செய்கிறாள்? பயந்தால் உடம்பில் என்ன மாற்றம் தெரியும்? எந்தச் சத்தம், எந்தத் தொடுதல் பிடிக்காது? எது செய்தால் அமைதியாவாள்? என்ன கருவி வைத்திருக்கிறாள், அது இல்லாமல் என்ன செய்ய முடியாது? மருந்து உண்டா?

இதில் பயத்தைப் பற்றிய கேள்வியைப் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். சாதாரண நாளில் அவள் எப்படி இருப்பாள் என்று தெரியாவிட்டால், மாறிய நாளைக் கண்டுபிடிக்க முடியாது. பேசாத பிள்ளை "என்னை அடித்தார்கள்" என்று வந்து சொல்லப்போவதில்லை. திடீரென்று பள்ளிப் பையைத் தொட மாட்டேன் என்பாள், படுக்கையில் சிறுநீர் போவாள், தன் கையையே கடிப்பாள், ஒரு குறிப்பிட்ட ஆசிரியர் வந்தால் மேசைக்கடியில் போவாள். "அவளுக்கு இதெல்லாம் சகஜம், ஆட்டிசம் அப்படித்தான்" என்று சொல்லித் தள்ளிவிடுவது மிகப் பெரிய தவறு. முந்தைய மாதம் இல்லாத ஒன்று இந்த மாதம் வந்திருந்தால், அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும்.

வலிப்பு உள்ள பிள்ளைக்கு இன்னொரு வரி சேருங்கள்: ஒருக்களித்துப் படுக்க வை, தலைக்கடியில் துணி வை, நேரம் பார், 5 நிமிடம் தாண்டினால் 108. கையில் இரும்புச் சாவி திணிப்பதும், எழுப்புகிறேன் என்று கன்னத்தில் அறைவதும் இன்னும் நடக்கிறது. செய்பவர் உதவுவதாகத்தான் நினைக்கிறார்.

பக்கத்தின் நகல் வகுப்பு ஆசிரியரிடம் ஒன்று, தலைமை ஆசிரியரிடம் ஒன்று. சுவரில் ஒட்டக்கூடாது. ஒட்டினால், கேலி செய்ய நினைப்பவனுக்கு அதுவே கையேடு ஆகிவிடும்.

3. ஒரு முழு நாள் கூடவே நடங்கள்

வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியுங்கள். பள்ளி மணியிலிருந்து மணி வரை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

நோட்டில் பள்ளியின் வரைபடம் ஒன்று போடுங்கள். கேட், மரத்தடி, வகுப்பறை, தண்ணீர்க் குழாய், கழிவறை, சமையல் கூடம், விளையாட்டு இடம், பின்பக்கச் சுவர். ஒவ்வொரு இடத்திலும் பெரியவர் ஒருவரின் கண் படுகிற நேரம் எது, படாத நேரம் எது என்று குறியுங்கள். இடத்தை மட்டும் குறிப்பது வீண். தண்ணீர்க் குழாயடி காலை பத்து மணிக்கு ஆபத்தில்லாத இடம். பதினொன்றரை இன்டர்வெலில் அதே குழாயடியில் தள்ளுமுள்ளு நடக்கும், காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) போட்ட பிள்ளை முதலில் விழும்.

நான் போன பள்ளிகளில் திரும்பத் திரும்பக் கண்ட நேரங்கள்: காலையில் ஆசிரியர் வரும் முன், இன்டர்வெல், சாப்பாட்டு வரிசை, ஆசிரியர் மீட்டிங்குக்குப் போன பீரியட், பி.டி. பீரியட், சாயங்காலம் மணி அடித்த முதல் பத்து நிமிடம், டவுன் பஸ் ஏறும் இடம், ஷேர் ஆட்டோவின் பின் சீட்டு. வகுப்பு நடக்கும்போது நடப்பது குறைவு. அப்போது நடந்தால் செய்பவர் பெரும்பாலும் ஆசிரியர்தான்.

கழிவறையைத் தனியாகப் போய்ப் பாருங்கள். சாய்தளம் போட்டு, கைப்பிடி வைத்துக் கட்டிய கழிவறை பல இடங்களில் பூட்டியிருக்கும், சாவி ஆபீஸில் தொங்கும். "திறந்து வைத்தால் மற்ற பசங்க அசிங்கம் பண்ணிடறாங்க" என்பார்கள். பிள்ளை அங்கே போக முடியாமல், பக்கத்தில் உள்ள படிக்கட்டுக் கழிவறைக்குத் தவழ்ந்து போகும். அந்த நேரத்தில் நடக்கும் கேலி இருக்கிறதே, அது மற்ற எல்லாவற்றையும் விட ஆழமாக இறங்கும்.

மழைக்காலத்துக்கு இந்த நடையை இன்னொரு முறை செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் களிமண் சாலையில் மூன்று சக்கர வண்டி ஓடாது. பிள்ளையை யாராவது தூக்கி வருவார்கள். யார் தூக்குகிறார்கள், எங்கே பிடித்துத் தூக்குகிறார்கள் என்பது அப்போது உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

4. "வேண்டாம்" என்று சொல்லக் கற்றுக் கொடுங்கள்

நம் பிள்ளைகளுக்கு வீட்டிலும் பயிற்சி மையத்திலும் கீழ்ப்படியத்தான் கற்றுக் கொடுக்கிறோம். கையைக் கொடு, உட்கார், வாயைத் திற. வருடக்கணக்கில் யார் யாரோ தொட்டு உடை மாற்றி விடுகிறார்கள், இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். தன் உடம்பைத் தொட யாருக்கும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று அந்தப் பிள்ளை புரிந்துகொண்டிருக்கும். அதை முதலில் கலைக்க வேண்டும். நீங்களே தொடுவதற்கு முன் "தூக்கட்டுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம் தூக்குங்கள். அவள் தலையை ஆட்டி மறுத்தால் ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். மறுப்புக்கு மதிப்பு உண்டு என்று அப்படித்தான் தெரியும்.

பேசக்கூடிய பிள்ளைக்குச் சொல், காது கேளாத பிள்ளைக்குச் சைகை, இரண்டும் இல்லாதவளுக்குப் படம். படம் வைத்த அட்டைகளில் சோறு, தண்ணீர், கழிவறை எல்லாம் இருக்கும். "அடித்தான்", "வலிக்கிறது", "பிடிக்கவில்லை", "நிறுத்து" இருக்காது. அவற்றை நீங்கள்தான் வரைந்து சேர்க்க வேண்டும். மறைவு உறுப்புகளின் பெயரும் படமும் இல்லாமல் அட்டை முழுமை இல்லை. இங்கேதான் அம்மாக்கள் தயங்குவார்கள். பெயர் தெரியாத உறுப்பில் நடந்ததை அவள் எப்படிச் சொல்வாள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

பிறகு, போய்ச் சொல்வதற்கு இரண்டு ஆட்கள். பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு பேரும் ஒரே வகுப்பறையைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது. ஒருவரைப் பற்றியே புகார் என்றால் மற்றவர் வேண்டும். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண் சத்துணவு அக்காவைக் காட்டினாள். ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் அந்த அக்காவுக்குத்தான் அவள் சைகை எல்லாம் தெரிந்திருந்தது.

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் புகாரை எழுதிப் போட "மாணவர் மனசு" பெட்டி இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். வீல்சேரில் உட்கார்ந்தபடி கைக்கு எட்டுகிறதா, எழுத வராதவள் அதில் எதைப் போடுவாள் என்று பாருங்கள். ஒரு சிவப்பு அட்டையைக் கொடுத்து, அதைப் போட்டால் நான் வந்து பேசுவேன் என்று சொல்லி வைத்தோம். வேலை செய்தது. ஆனால் பெட்டியை யாராவது தினமும் திறக்க வேண்டும்!

5. ஏற்பாட்டை மாற்றுங்கள்

குறித்து வைத்த இடம், நேரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மாற்றம். பெரிய செலவு எதுவும் இல்லை.

சாயங்காலம் 5 நிமிடம் முன்பே இவர்களை அனுப்புவது. இன்டர்வெலையும் அப்படியே. கூட்டம் வருமுன் குழாயடியையும் கேட்டையும் தாண்டிவிடுவார்கள். சாப்பாட்டு வரிசையில் நிற்காமல் உட்கார்ந்த இடத்தில் தட்டு வர வேண்டும், ஆனால் தனியாக உட்கார வைக்காமல் இரண்டு மூன்று பேரோடு. கழிவறைச் சாவி வகுப்பறையில் பிள்ளையின் கைக்கு எட்டும் ஆணியில். காலையில் சீக்கிரம் வரும் பிள்ளைகள் காலை உணவு தயாராகும் இடத்துக்கு எதிரே உள்ள வராந்தாவில் உட்காருவது. சமையல் செய்பவர்கள் அங்கே இருப்பார்கள். காது மெஷின், கண்ணாடி, ஊன்றுகோல் எல்லாவற்றுக்கும் பி.டி. பீரியடில் ஒரு பாதுகாப்பான இடம், பொறுப்பு ஒரு ஆளுக்கு.

இப்போது நான் செய்த தவறு. ஏழாம் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன், வீல்சேர். வகுப்பிலேயே பலசாலியான, கெட்டிக்கார ஒருவனைத் துணையாகப் போட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள், போட்டோவும் எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அம்மா போன் செய்தார். பையனுக்குச் சிறுநீர்த் தொற்று, டாக்டர் தண்ணீர் குடிப்பதில்லையா என்று கேட்கிறார். மெதுவாக விசாரித்தால், அவன் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. குடித்தால் கழிவறைக்குத் துணையைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் தின்பண்டம் கொடுக்க வேண்டும். கொடுக்காத நாள் வெயிலில் வேப்பமரத்தடியில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு விளையாடப் போய்விடுவான். அந்தத் துணைப் பையனும் கெட்டவன் இல்லை. பன்னிரண்டு வயதில் ஒருவன் கையில் இன்னொருவனின் தண்ணீரையும் கழிவறையையும் கொடுத்தது நான்தான்.

அதிலிருந்து மூன்று விதி வைத்திருக்கிறேன். துணை ஒருவராக இருக்கக்கூடாது, மூன்று நான்கு பேர், வாரம் ஒருவர். யார் என்று மாற்றுத்திறன் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும், மாற்றவும் உரிமை வேண்டும். கழிவறைக்கும் உடை மாற்றவும் சக மாணவர் துணை கூடவே கூடாது. அதற்கு வீட்டார் அல்லது பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட பெரியவர் ஒருவர்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வழித்துணைக்கும் பயணத்துக்கும் படி உண்டு. அதை வட்டார வள மையத்தில் (ஒன்றிய அளவில் இந்தத் திட்டத்தைப் பார்க்கும் அலுவலகம்) கேட்டு வாங்குங்கள். பலர் விண்ணப்பிப்பதே இல்லை.

6. பெரியவர்களோடு பேசுங்கள்

பிள்ளைகளுக்கு முன்னால் இவர்கள். காரணம் எளிது: வகுப்பில் பட்டப்பெயர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் பல முறை ஆசிரியரின் வாயில் போய் முடிகிறது. "ஏய், அந்த ஊமைப் பொண்ணக் கூப்பிடு" என்பதில் கோபமோ வெறுப்போ இருக்காது, பழக்கம்தான். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கு அது உத்தரவு போலப் போய்ச் சேரும்.

அடியும் அப்படித்தான், பெரும்பாலும் புரியாமையில் விழுகிறது. மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை என்று குட்டு. மெஷினில் பேட்டரி தீர்ந்திருக்கும். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிறான் என்று அறை. பதற்றத்தில் சிரிப்பு வரும் பிள்ளை அது. இரண்டாவது படியில் எழுதிய பக்கம் இங்கேதான் பயன்படும். "சார், அடிக்காதீங்க" என்று தொடங்கினால் காது அடைத்துவிடும். "சார், பேட்டரி இருக்கான்னு பாக்குறது எப்படின்னு காட்டட்டுமா?" என்று தொடங்கினால் கேட்பார். தனியாக, வண்டி நிறுத்துமிடத்தில் பேசுங்கள். ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் முன்னால் பேசினால் அவர் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார்.

பிள்ளை கட்டுப்பாடு இழந்து கத்தி, பொருளை எறிந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். மற்ற பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவது, மின்விசிறியையும் சத்தத்தையும் குறைப்பது, ஒரே ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பது. துப்பட்டாவால் நாற்காலியில் கட்டுவது, இருட்டு அறையில் அடைப்பது இரண்டும் வன்முறை. "அவனோட பாதுகாப்புக்குத்தான்" என்ற விளக்கம் இங்கே செல்லாது.

இரண்டு முறை பேசியும் மாறவில்லை என்றால் சட்டத்தை எடுங்கள், அப்போது தயங்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் பிரிவு 92: மற்றவர் பார்க்க இழிவுபடுத்துவது, துணைக்கருவியைச் சேதப்படுத்துவது போன்றவற்றுக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். இளைஞர் நீதிச் சட்டம் 2015இல் பிரிவு 75 பொறுப்பில் இருப்பவர் குழந்தைக்குச் செய்யும் கொடுமையைப் பற்றியது. மருத்துவரின் சான்று உள்ள மாற்றுத்திறன் குழந்தை என்றால் பிரிவு 85இன்படி தண்டனை இரு மடங்கு. சான்று வாங்கிவைக்கச் சொல்வதற்கு இது ஒரு கூடுதல் காரணம்.

வேன் டிரைவர், ஆட்டோக்காரர், காவலாளி, பயிற்சி மையத்துக்கு வருபவர்கள், இவர்களோடும் ஒருமுறை பேசுங்கள். மூடிய வாகனத்தில் ஒரு பிள்ளை மட்டும் கடைசியாக இறங்கும்படி வழித்தடம் இருந்தால் வழித்தடத்தை மாற்றச் சொல்லுங்கள். டிரைவர் நல்லவரா என்று ஆராய வேண்டியதில்லை.

7. இப்போது வகுப்பில் பேசலாம்

சம்பந்தப்பட்ட பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு பேசாதீர்கள். அவனுக்கு அது இன்னொரு அவமானம். அவன் வர விரும்பினால் வரட்டும், பேச விரும்பினால் பேசட்டும்.

கண்ணைக் கட்டி நடக்க வைக்கும் விளையாட்டு வேண்டாம். பத்து நிமிடம் இடித்துக்கொண்டு, "அய்யோ பாவம், நமக்கு இப்படி இல்லையே" என்ற நினைப்போடுதான் பிள்ளைகள் உட்காருகிறார்கள். பாவம் பார்க்கிறவன் அடிக்க மாட்டான் என்று நினைக்கிறோம். சேர்த்துக்கொள்ளவும் மாட்டான் என்பதை மறந்துவிடுகிறோம்.

நான் செய்வது: ஒரு விளையாட்டின் விதியை வகுப்பே மாற்றட்டும் என்று விடுவேன். நொண்டியாட்டம் வேண்டாம், பெயரே சரியில்லை. எறிபந்து எடுத்துக்கொள்ளுங்கள். வீல்சேரில் இருப்பவன் ஆடினால் கோடு எங்கே இருக்க வேண்டும்? காது கேட்காதவளுக்கு விசில் தெரியாதே, என்ன செய்யலாம்? பிள்ளைகள் பிரமாதமாக யோசிப்பார்கள். ஒரு வகுப்பில் விசிலுக்குப் பதிலாகச் சிவப்புத் துண்டை வீசினார்கள். சைகையில் பத்துச் சொல் கற்றுக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் அது பரீட்சையில் பிட் அடிக்கும் மொழியாகவும் ஆகிவிடும், அதைத் தனியாகக் கவனியுங்கள்.

அப்புறம் பார்த்துக்கொண்டு நிற்பவர்களிடம் பேசுங்கள். ஒருவன் அடிக்க, ஐந்து பேர் சிரிக்க, இருபது பேர் பார்ப்பார்கள். அந்த இருபது பேருக்கும் "போய்த் தடு" என்று சொல்வது ஆபத்து, அவர்களும் அடிபடுவார்கள். செய்யக்கூடிய ஒரே வேலையாகக் கொடுங்கள்: ஒருவர் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்கட்டும், இன்னொருவர் பெரியவரைக் கூப்பிட ஓடட்டும். போய்ச் சொல்வது கோள்மூட்டுவது இல்லை என்று ஆசிரியர் தன் வாயால் சொல்ல வேண்டும். ஏனென்றால் "சும்மா கம்ப்ளெய்ன்ட் பண்ணாதே" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

8. நடந்துவிட்டால்: அந்த முதல் நாள்

முதலில் பிள்ளையை அங்கிருந்து நகர்த்துங்கள். காயம் இருந்தால் மருத்துவமனை. மற்றது பின்னால்.

ஒரே ஒருவர், பிள்ளைக்குப் பழக்கமானவர், ஒரே ஒரு முறை கேட்கட்டும். "என்ன நடந்தது?" அதற்கு மேல் "ராஜா அடிச்சானா?" போன்ற பெயர் சொல்லும் கேள்வி கூடாது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை கேட்பவரைத் திருப்திப்படுத்த "ஆமாம்" என்று சொல்லிவிடும். பிறகு அந்த ஆமாமே வழக்கைக் கெடுக்கும். சொன்னதை, சைகையை, காட்டிய படத்தை அப்படியே எழுதுங்கள். நேரம், தேதி, கையெழுத்து. உங்கள் நடையில் அழகாக்க வேண்டாம்.

அடித்தவனையும் அடிபட்டவளையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிப்பது நம் பள்ளிகளில் ஒரு வழக்கம். கைகுலுக்க வைத்து அனுப்புவது அடுத்த வழக்கம். இரண்டும் வேண்டாம். அடுத்த அடி அதே நாளில் பள்ளிக்கு வெளியே விழும்.

பாலியல் தொடர்பான எதுவும் என்றால் வழி ஒன்றுதான். போக்சோ சட்டம் 2012இன் பிரிவு 19: தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சந்தேகமே போதும், நிரூபிக்க வேண்டிய வேலை உங்களுடையது இல்லை. நிறுவனப் பொறுப்பில் உள்ளவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பிள்ளையின் குறைபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு செய்ததைச் சட்டம் கடுமையான குற்றமாகத் தனியே வைத்திருக்கிறது. துணியைத் துவைக்காதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் இருக்கக்கூடாது. பிள்ளையின் தொடர்புமுறை தெரிந்தவர் அல்லது சிறப்பாசிரியர் ஒருவரின் உதவியைக் கேட்டுப் பெறலாம். இதைக் காவல் நிலையத்தில் நீங்களே நினைவூட்டுங்கள். பேச முடியாத பிள்ளையின் வழக்கை நிற்க வைப்பதும் விழ வைப்பதும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயம்தான்.

ஊரில் யாராவது வருவார்கள். "பொம்பளப் புள்ள விஷயம், வெளிய தெரிஞ்சா நல்லாருக்காது, பேசி முடிச்சுக்கலாம்." செலவுக்குப் பணமும் தருவதாகச் சொல்வார்கள். நிலம் குத்தகைக்கு விட்டவர் வீட்டுப் பையன் என்றால் அழுத்தம் இன்னும் கூடும். பெற்றோரிடம் இதை முன்கூட்டியே, எதுவும் நடக்காத ஒரு நாளில் பேசி வையுங்கள். நடந்த அன்றைக்கு அவர்களால் யோசிக்க முடியாது.

எண்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி மையம் 14417, அவசரத்துக்கு 112. மாற்றுத்திறனாளிகள் சட்டம் பிரிவு 7இன்படி, வன்முறை நடந்தது அல்லது நடக்கலாம் என்று யார் வேண்டுமானாலும் நிர்வாகத்துறை நடுவருக்குத் தகவல் தரலாம். நடைமுறையில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். குழந்தைக்கும் மாற்றுத்திறனாளிக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

அடித்தது இன்னொரு மாணவன் என்றால் டி.சி. கொடுத்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அவன் அடுத்த பள்ளியில் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடிப்பான். அவன் வீட்டுக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். போன இடத்தில் பாதி நேரம் அவனும் வீட்டில் அடி வாங்குகிறவனாக இருந்தான். அவனுக்கான நேரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள். இடம் மாறுவது அவனாக இருக்கட்டும், அடிபட்ட பிள்ளையாக இருக்கக்கூடாது.

9. மேலாண்மைக் குழுவும் பதிவேடும்

சின்ன வேலை, ஆனால் விட்டால் எல்லாம் போகும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மாற்றுத்திறன் பிள்ளையின் பெற்றோர் ஒருவராவது அதில் இருக்கும்படி பாருங்கள். கூட்டத்தில் "பாதுகாப்பு" என்று பொதுவாகப் பேசாமல், ஒரு கோரிக்கையைத் தீர்மானமாக எழுத வையுங்கள்: கழிவறைச் சாவி, சாய்தளத்தின் உடைந்த விளிம்பு, பின்சுவர்ப் பக்கம் ஒரு விளக்கு. பிள்ளையின் பெயரும் நடந்த சம்பவமும் தீர்மானப் புத்தகத்தில் வரக்கூடாது.

சம்பவப் பதிவு தனி நோட்டு, பூட்டிய இடத்தில். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதைத் திருப்பிப் பார்த்தால் ஒரே நேரம், ஒரே இடம் திரும்ப வருகிறதா என்று தெரியும். வந்தால் ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள்.

10. மே மாதம்: கையளிப்பு

ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளை, எட்டு முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, இவர்களுக்குத்தான் அடுத்த ஜூன் மிகவும் மோசமாக இருக்கிறது. சைகை தெரிந்த சத்துணவு அக்கா அங்கே இல்லை. பழைய துணைகள் வேறு செக்‌ஷனில். ஊரிலிருந்து டவுனுக்கு பஸ்.

ஒரு பக்கக் குறிப்பைப் புதுப்பித்து, பிள்ளையையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு விடுமுறை முடியுமுன்பே புதுப் பள்ளிக்குப் போய்வாருங்கள். காலியாக இருக்கும் பள்ளியில் கேட், கழிவறை, குழாயடி, வகுப்பறை எல்லாம் நடந்து பார்க்கட்டும். பழைய பள்ளியிலிருந்து கூட வரும் இரண்டு மாணவர்களின் பெயரைக் குறித்து, அவர்களை ஒரே செக்‌ஷனில் போடும்படி தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். சேர்க்கை முடிந்து பிரிவு பிரித்துவிட்டால் அப்புறம் மாற்ற மாட்டார்கள், அதனால் மே மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.